வால்வு மூடும்போது நானோ ரீசெட் ஆகுது

போச்சம்பள்ளி_தோட்டம்: தக்காளிக்கு சொட்டுநீர். ஆர்டுயினோ நானோ (சின்ன கண்ட்ரோலர் போர்டு), 5 வோல்ட் ரிலே மாட்யூல் (போர்டு சொன்னா ஆன்-ஆஃப் ஆகிற சுவிட்ச்), 12 வோல்ட் டிசி சோலனாய்டு வால்வு (காயிலால் திறக்கிற வால்வு). ரிலே ஆஃப் ஆகும்போதெல்லாம் நானோ ரீசெட். கோடில் தப்பா?

சால்டர்_தர்மபுரி: கோடில் தேடாதீங்க. காயிலுக்குப் போற கரண்ட் சட்டுனு அறும்போது எதிர்த்திசையில் பெரிய வோல்டேஜ் கிளம்பும், அதுதான் நானோவைக் குழப்பி ரீசெட் பண்ணுது. மாட்யூலில் இருக்கிற டையோடு (கரண்டை ஒரே திசையில் விடும் பாகம்) ரிலே காயிலுக்கு மட்டும்தான், வால்வுக்கு உதவாது. 1என்4007 டையோடு ஒன்னை வால்வோட இரண்டு முனையிலும் நேரா சால்டர் பண்ணுங்க. வெள்ளிக்கோடு போட்ட பக்கம் பிளஸ்ஸுக்கு. மாத்திப் போட்டா ஷார்ட். டையோடு வால்வுக்குப் பக்கத்துலயே இருக்கணும். போர்டு கிட்ட வெச்சா நீள ஒயர் முழுக்க நாய்ஸ் பரப்பும்.

ஓசூர்_பெஞ்ச்: அந்த 12 வோல்ட்டையே நானோவோட வின் பின்னுக்கு (பவர் உள்ளே போற பின்) கொடுத்து ரிலேயையும் நானோவோட 5 வோல்ட்லேயே ஓட்டுறீங்களா? நானோவில் வோல்டேஜைக் குறைக்கிற ரெகுலேட்டர் கொதிக்கும். எல்எம்2596 பக் மாட்யூலை (வோல்டேஜைக் குறைக்கிற தனி போர்டு) முதல்ல மல்டிமீட்டர் வெச்சு 5 வோல்ட்டுக்குத் திருகிட்டு, அப்புறம் இணைங்க.

போச்சம்பள்ளி_தோட்டம்: 24 வோல்ட் ஏசி வால்வும் ஒன்னு இருக்கு. அதுக்கும் இதே டையோடா?

சால்டர்_தர்மபுரி: கூடவே கூடாது. ஏசியில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பாதியில் ஷார்ட் ஆகும். 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 (ஏசிக்கு ஏத்த வகை) கெபாசிட்டரும் தொடரா சேர்த்து வால்வுக்குக் குறுக்கே போடுங்க.