எக்கோ கிளியும் செந்தார்ப் பைங்கிளியும்: உறவினங்கள் இரண்டின் நிலை இவ்வளவு மாறுபடுவது ஏன்?

கேள்வி:
மொரிசியஸ் தீவில் மட்டுமே வாழும் எக்கோ கிளியின் படத்தையும், இந்தியாவெங்கும் காணப்படும் செந்தார்ப் பைங்கிளியின் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்கு வேறுபாடே தெரியவில்லை. இவ்வளவு நெருங்கிய உறவினங்களில் ஒன்று அழிவின் விளிம்புவரை சென்றதும், மற்றொன்று லண்டன் போன்ற நகரங்களில்கூடப் பெருகியதும் எப்படி? எக்கோ கிளி இப்போது ஆபத்தைக் கடந்துவிட்டதா?

மறுமொழி 1:
அடையாளம் காணப் பெண் பறவையின் அலகைப் பாருங்கள். செந்தார்ப் பைங்கிளியில் இரு பாலுக்கும் மேலலகு சிவப்பு; வளர்ந்த எக்கோ பெண் கிளிக்கோ அலகு முழுவதும் கறுப்பு. எக்கோ கிளியின் பச்சை சற்று அடர்ந்தது, வாலும் குட்டையானது.

மறுமொழி 2:
தோற்றத்தைவிட வாழும் முறையில்தான் விடை இருக்கிறது. செந்தார்ப் பைங்கிளி வயல், தோட்டம், நகரம் என எங்கும் இரை தேடிக்கொள்ளும். ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் பரந்து வாழ்வதால், இனங்களின் அழிவு ஆபத்தை உலக அளவில் வகைப்படுத்தும் செம்பட்டியலில் அது கவலை குறைந்த இனமாகவே உள்ளது. எக்கோ கிளியோ தீவின் இயற்கைக் காட்டு மரங்களின் கனி, இலை, பூக்களையும், முதிர்ந்த மரங்களின் பொந்துகளையும் நம்பி வாழ்வது. அந்தக் காட்டில் நல்ல நிலையில் எஞ்சியிருப்பது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. எஞ்சிய இடத்திலும் வெளியிலிருந்து வந்த கொய்யா இனம் புதராய் மண்டுகிறது, எலிகளும் குரங்குகளும் கூடுகளைச் சூறையாடுகின்றன. போதாக்குறைக்கு, 1886 வாக்கில் அத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட செந்தார்ப் பைங்கிளியே பொந்துகளுக்குப் போட்டியாகவும் நின்றது. 1980களில் காட்டில் எஞ்சிய எக்கோ கிளிகள் ஏறத்தாழ 10 மட்டுமே.

மறுமொழி 3:
மேலே சொன்னவற்றோடு மீட்சியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் உலகப் பறவைப் பாதுகாப்பில் இதற்கு ஈடானவை மிகச் சிலவே என்பது என் உறுதியான எண்ணம். மொரிசியஸ் வனவிலங்கு அறக்கட்டளையும் அரசின் தேசியப் பூங்காத் துறையும், டரல் என்னும் வனவிலங்குப் பாதுகாப்பு அறக்கட்டளை முதலியவற்றின் துணையுடன், பட்டினியால் சாகவிருந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்தன. கூட்டுப் பெட்டிகளை அமைத்து, எலிகளைக் கட்டுப்படுத்தி, கூடுதல் உணவும் வைத்தன. இதனால் செம்பட்டியலில் மிக அருகிய இனமாக இருந்தது 2007இல் அருகிய இனமாகவும், 2019இல் அதைவிட ஆபத்துக் குறைந்த அழிவாய்ப்பு இனமாகவும் மறுவகைப்படுத்தப்பட்டது. எண்ணிக்கையும் நூற்றுக்கணக்கில் உயர்ந்தது.

கேட்டவர்:
விரிவான விளக்கங்களுக்கு நன்றி. அப்படியானால் இனி அந்தப் பணிகளைக் குறைத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 3:
கூடாது. செம்பட்டியலில் வகை மாறியது அந்தப் பணிகளின் விளைவே. காடு இன்னும் மீளாத நிலையில் பெட்டிகளையும் உணவையும் விலக்கினால் பெற்றதை இழக்க நேரும். மேலும், மிகச் சில பறவைகளிலிருந்து பெருகிய கூட்டம் என்பதால் மரபணு வேறுபாடு குறுகியது. 2004-05இல் அலகையும் இறகையும் சிதைக்கும் வைரஸ் நோய் இக்கிளிகளிடையே பரவியது. அதே வைரஸ் தீவிலுள்ள செந்தார்ப் பைங்கிளிகளிடமும் காணப்படுவதால், இரண்டையும் சேர்த்தே கண்காணிக்க வேண்டியிருக்கிறது.