நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தீர்ப்புகள்: எதில் தொடங்கலாம்?

தேவகோட்டை மீனா:
சட்டம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். காப்புரிமைச் சட்டம் (புதுக் கண்டுபிடிப்புக்கான பேட்டன்ட் சட்டம்) ரொம்பப் பிடித்திருக்கிறது. "நம்ம ஊரில் இதற்கு யார் கேஸ் கொண்டு வருவார்?" என்கிறார் அப்பத்தா. நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தீர்ப்புகளைப் படிக்க ஆசை. எதில் தொடங்குவது?

காரைக்குடி மருந்துக்கடைக்காரர்:
மருந்தில் தொடங்கு ஆத்தா. 2000 முதல் 2010 வரை சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தார். பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதுக் காப்புரிமை கேட்பதைத் தடுக்கும் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை நோவார்டிஸ் மருந்து நிறுவனம் எதிர்த்தபோது, 2007இல் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்த இருவர் அமர்வில் அவரும் ஒருவர்.

அப்புறம் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத் தலைவரானார். 2013 மார்ச் தீர்ப்பை நிதானமாகப் படி. பேயர் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்த நெக்ஸவார் புற்றுநோய் மாத்திரை மாதத்துக்கு சுமார் 2.8 லட்சம் ரூபாய். நாட்கோ என்ற இந்திய நிறுவனம் அதையே 8,880 ரூபாய்க்குத் தயாரித்து விற்கக் கட்டாய உரிமம் (காப்புரிமைக்காரர் சம்மதிக்காவிட்டாலும் அரசு தரும் அனுமதி) பெற்றிருந்தது. அவர் அதை உறுதிசெய்தார். நாட்கோ தன் விற்பனையிலிருந்து பேயருக்குத் தர வேண்டிய ராயல்டியை மட்டும் 6 சதவீதத்திலிருந்து 7 ஆக்கினார். மருந்துச் சீட்டை நீட்டி, விலை கேட்டதும் திரும்பிப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். எனக்கு இதைவிடப் பெரிய தீர்ப்பு கிடையாது.

கண்டாங்கித் தறி:
அப்பத்தாவிடம் சொல்லுங்கள் தங்கச்சி, காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு (அந்த ஊர்ப் பொருளின் பெயரைக் காக்கும் சட்ட உரிமை) வந்துவிட்டது. போலி வந்தால் வழக்காட நமக்கும் ஆள் வேண்டும். வாரியம் 2021இல் கலைக்கப்பட்டதால் இந்த மேல்முறையீடெல்லாம் இப்போது உயர் நீதிமன்றத்துக்குத்தான். நீதிபதி அம்மா தமிழ்க் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பவரும்கூட. அவற்றையும் தேடிப் படியுங்கள்.

தேவகோட்டை மீனா:
நன்றி அண்ணே, ஐயா. இன்று இரவே நெக்ஸவார் தீர்ப்பு.