சிமுலன்ட்: போலியா, நிகரியா?

ஐயா, வணக்கம்.

கருவியைச் சோதிக்கவும் மோப்ப நாயைப் பழக்கவும் அசல் வெடிபொருளுக்குப் பதிலாக வைக்கும் வெடிக்காத பொருளை ஆங்கிலத்தில் சிமுலன்ட் (simulant) என்கிறார்கள். அதற்குத் தமிழில் நீங்கள் முன்வைத்த ‘போலி வெடிபொருள்’ இலக்கணப்படி அழகான சொல்தான். ‘பந்தல்’ இருந்த இடத்தில் ‘பந்தர்’ வந்தாலும் பொருள் மாறாது. அதைத்தானே போலி என்கிறோம். ஆனால் இன்று போலி என்றதும் கள்ளநோட்டும் போலி மருத்துவரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். தடயவியல் அறிக்கையில் அந்தச் சொல்லைப் பார்ப்பவர், யாரோ மிரட்டுவதற்காக வைத்துவிட்டுப் போன டப்பா என்றே எண்ணுவார். ‘மாதிரி’ ஏற்கெனவே சாம்பிளுக்குப் போய்விட்டது. ‘பாவனைப்பொருள்’ என்றால் இலங்கை வாசகர் நுகர்பொருள் என்று எடுத்துக்கொள்வார்.

என் பரிந்துரை ‘நிகரி’. அதுவும் தனியாக அல்ல, எதில் நிகர் என்று முன்னொட்டோடு. ஏனென்றால் சிமுலன்ட் எதுவும் அசலை முழுதாக ஒத்திருப்பதில்லை. எக்ஸ்ரே கருவியைச் சோதிக்க அடர்த்தியும் பயனுறு அணு எண்ணும் (கலவையிலுள்ள தனிமங்களின் அணு எண்களுக்கு ஒருவகைச் சராசரி) ஒத்தால் போதும். டிரைநைட்ரோடொலுயீன் என்ற வெடிபொருளின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.65 கிராம், அதை ஒட்டிச் செய்த வெடிக்காத கலவை திரையில் அசலைப் போலவே தெரியும். மோப்ப நாயோ அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அது கதிர்நிகரி.

நாய்க்கு வேண்டியது ஆவி. சி-4 என்னும் பிளாஸ்டிக் வெடிபொருளில் வெடிக்கும் பகுதியான ஆர்.டி.எக்ஸ். அறை வெப்பத்தில் ஆவியாவதே அரிது. அதன் மேல் மிதக்கும் வாசனையில் பெரும்பங்கு, அதைப் பிசையும் பதத்தில் வைக்கச் சேர்க்கும் நெகிழ்வூட்டியிலிருந்து வரும் 2-எத்தில்-1-ஹெக்சனால். இது வெடிபொருளே அல்ல, ஆகவே மணநிகரியாக வைக்கலாம். சிக்கல் என்னவென்றால் பி.வி.சி. பிளாஸ்டிக்கிலும் இதே வாசனை உண்டு. வெடிபொருளைக் கண்டால் உட்கார்ந்து காட்டும்படி நாயைப் பழக்குகிறார்கள்; இதை மட்டும் மோந்து பழகிய நாய் எங்கே உட்காரும் என்று யோசித்துப் பாருங்கள். டிரைநைட்ரோடொலுயீனிலும் முந்திக்கொண்டு ஆவியாவது அதில் கலப்பாக இருக்கும் டைநைட்ரோடொலுயீன்தான். (இரண்டையும் சுருக்கினால் தமிழில் ‘டி.என்.டி.’ என்றே வருகிறது! தயவுசெய்து முழுப்பெயரையே எழுதுவோம்.)

அப்புறம், சிலிக்காத் துகள்மேல் உண்மையான வெடிபொருளையே மெல்லிய படலமாகப் பூசி, வெடிக்க முடியாத அளவுக்குச் செறிவைக் குறைத்த பயிற்சிப்பொருளும் உண்டு. அதை நிகரி என்று சொல்லக்கூடாது. உள்ளே இருப்பது அசல். ‘நீர்த்த’ என்றால் திரவம் என்ற மயக்கம் வரும். இலங்கைப் பாடநூல்களின் ‘ஐதான அமிலம்’ இங்கே கைகொடுக்கிறது: ‘ஐதாக்கிய வெடிபொருள்’.

“கதிர்நிகரியில் தேறிய கருவியை ஐதாக்கிய வெடிபொருளிலும் சோதித்தோம்” என்று எழுதிப் பார்த்தேன். படிக்க இடறவில்லை.