ஏரிச் சங்கம் பார்த்த விவசாயிகள்: கண்ணால் கண்ட நடைமுறைகள்

ஏரிச் சங்கத்தை விவசாயிகளிடமே கொடுக்கலாமா, கொடுத்தால் எப்படி நடத்துவது என்ற கேள்விக்கு மூவர் சொன்னது இது. கடைமடை, கலங்கலோரம், உள்வாய் என்பவை பேசுபவர்களுக்கு இட்ட பெயர்கள்.

கடைமடை:
ஏரித் தண்ணீரைப் பங்கிட்டுக் கரையையும் பார்த்துக்கொள்ளும் ஏரிச் சங்கத்தை, நாற்பது போகம் நெல் வைத்தவரிடம் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. எந்த வயல் தூர் கட்டுகிறது, எது பூக்கப் போகிறது என்று வரப்பில் நடக்கும்போதே அவருக்குத் தெரியும். தூர் கட்டும்போது ஓரிரு நாள் தண்ணீர் தள்ளிப்போனாலும் பயிர் தேறிவிடும். பூக்கும் நேரத்தில் காய்ந்தால் கதிர் முழுக்கப் பதர்தான்.

தண்ணீர் குறைந்த வருஷத்தில் வயல் வயலாக முறை வைத்துப் பாய்ச்சக் கணக்கு தெரிய வேண்டும். வாய்க்காலில் நேராக ஓடும் 10 மீட்டரை அளந்து, ஒரு எலுமிச்சம்பழத்தை மிதக்க விடுங்கள். கடக்க 40 வினாடி ஆகிறது, தண்ணீர் 40 செ.மீ. அகலம், 15 செ.மீ. ஆழம் என்றால், மேல்மட்ட வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு வினாடிக்கு 12 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. தண்ணீர் கட்ட சுமார் 2 லட்சம் லிட்டர் வேண்டும். அதாவது நாலே முக்கால் மணி நேரம், கசிவு தனி. இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டுத் திறந்தால் பாதிச் சண்டை வராது. முறையைக் கடைமடையில், அதாவது வாய்க்காலின் கடைசி வயல்களில் தொடங்குவதே நல்லது. ஏரியை ஒட்டிய தலைமடையில் தொடங்கினால் அங்குள்ளவர்கள் இரண்டாம் தண்ணீரும் பாய்ச்சிக்கொள்வார்கள், கடைசி வயலுக்கு ஈரம்கூட எட்டாது. ராத்திரி வாய்க்காலோரம் நீர்க்கட்டி, அதாவது தண்ணீர் திருப்பிவிடும் ஆள், நடந்தே ஆகவேண்டும்.

கலங்கலோரம்:
கரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கரையின் வெளிச்சரிவில் கசிவு தெரிந்தால் அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பாருங்கள். தெளிவாக இருந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கி வந்தால் கரைக்குள் மண் அரிக்கிறது, உடனே ஆள் சேர்க்க வேண்டும். பெரும்பாலும் நண்டு வளை, எலி வளை, இல்லையென்றால் மடைக்கட்டும் (ஏரித் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் கட்டுமானம்) மண்ணும் சேரும் இடம். பலர் வெளிப்பக்கத்தில் களிமண்ணை அப்புகிறார்கள். அது தவறு, அதற்கு அருகிலேயே தண்ணீர் வேறு வழி பார்த்துக்கொள்ளும். உள்பக்கம் நீர்ப்பரப்பில் சின்னச் சுழி தெரிகிறதா என்று தேடி, அங்கே வைக்கோலும் களிமண்ணும் திணித்த சாக்கை இறக்க வேண்டும். வெளியே மணல் பரப்பி அதன்மேல் ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும், மண் வராது.

இன்னொன்று, ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலங்கல் மேல் மணல் மூட்டை அடுக்கி ஓர் அடி கூடுதலாகத் தேக்குவது. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த ஓர் அடி பெருமழைக்காக விட்ட இடம். கரைமேல் தண்ணீர் வழிந்தால் மண் கரை தாங்காது.

உள்வாய்:
ஏரியின் உள்ளே படிந்த வண்டலை வயலுக்கு எடுப்பதில்தான் சங்கத்தின் பெயர் கெடுகிறது. அரசு அனுமதிப்பது ஏக்கருக்கு நஞ்சையில் 75 கன மீட்டர், புஞ்சையில் 90 கன மீட்டர். டிராக்டர் கணக்கில் 25 நடை, 30 நடை. யார் பட்டாவுக்கு எத்தனை நடை போனது என்று அன்றன்றைக்கே நோட்டில் ஏற்றி, கிராம சபையில் வாசித்துவிட வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டின்படியே, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமில்லை, அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலையில் பெயர் இட முடியாது. அந்த ஊரில் ஏரி வாரியத்துக்கு ஆறு பேர்.

கடைமடை:
எடுக்கும் இடமும் முக்கியம் இல்லையா? கரையடி மண் ஈரமாக, அள்ளச் சுலபமாக இருக்கிறதென்று அங்கேயே தோண்டிவிடுகிறார்கள்.

உள்வாய்:
ஆமாம், அதைத்தான் தடுக்க வேண்டும். கரையின் காலில் பள்ளம் விழுந்தால் சரிவு உட்கார்ந்துவிடும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்கு ஏறாது, மாடு குடிக்கவும் மீனுக்கும்தான் ஆகும். மடைமட்டத்தைக் குச்சி நட்டுக் குறித்துவிட்டு, கரையை விட்டுத் தள்ளி, தண்ணீர் வந்து சேரும் பக்கம் மேடு தட்டிய இடத்தில் மெல்லிசாகச் சீவுங்கள். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலின் வாயில் படிந்ததை முதலில் எடுத்தால் அடுத்த மழைக்கே ஏரிக்கு வரத்து கூடும்.