பணி நடக்கும் சாலையில் நடப்பவர்களுக்கு விடும் வழி: சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:

வணக்கம். சாலைப் பணியிடங்களில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது பற்றிய பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப்போகிறவர்கள் மேற்பார்வையாளர்கள், கோன் (கூம்பு வடிவத் தடுப்பு) வைப்பவர்கள், கொடி காட்டுபவர்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முன்னெச்சரிக்கைப் பகுதி, தடம் மாறும் பகுதி, பணிப்பகுதி, முடிவுப்பகுதி என்று நான்கு பகுதிகளுக்கும் சொல் அமைந்துவிட்டது. ஒன்றில்தான் சிக்கல். நடைபாதையைத் தோண்டும்போது அதே சாலையில் தடுப்பு வைத்து, பணி முடியும்வரை நடப்பவர்களுக்கு ஒரு வழி விடுகிறோமே, அதற்கு என்ன பெயர்? 'மாற்றுப்பாதை' என்று எழுதினேன். ஆனால் வண்டிகளை வேறு தெருவில் சுற்றி அனுப்புவதற்கும் கையேட்டில் அதே சொல்தான். நடப்பவர்களையும் சுற்றிப் போகச் சொன்னால் போதும் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

'ஒதுங்குவழி' என்று வையுங்கள். வினைத்தொகை, ஒதுங்கிய, ஒதுங்குகிற, ஒதுங்கும் வழி. நடுவில் ஒற்று மிகாது, சொல்லவும் எளிது. இன்று ஒதுங்குதல் என்றால் விலகுதல் மட்டும்தான் நினைவுக்கு வரும். பழைய வழக்கில் நடத்தலுக்கும் அதுவே சொல். ஒதுக்கம் என்றால் நடை. விலகுவதும் நடப்பதும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது வேறெங்கே தேட வேண்டும்? ஆறு என்ற சொல்லுக்கும் வழி என்றே ஒரு பொருள் உண்டு. நீர் செல்லும் வழியும் ஆள் செல்லும் வழியும் ஒன்றாகவே எண்ணப்பட்டிருக்கின்றன. வழியைக் குறிக்கும் மற்றச் சொற்களான அதர், நெறி, தடம் ஆகியவற்றைப் பற்றித் தனியே எழுதுகிறேன்.

போக்குவரத்துப் பொறியாளர்:

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனாலும் கடுமையாக மறுக்கிறேன். களத்தில் நாங்கள் போராடுவதே அந்த 'ஒதுங்கு' என்ற எண்ணத்தோடுதான். வண்டிக்குத் தடம் அளந்து விடுவார்கள். நடப்பவர் எங்காவது ஒதுங்கிப் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். மண்மேட்டுக்கும் லாரிக்கும் நடுவே மனிதர்கள் நடப்பது அப்படித்தான் வருகிறது. இந்த வழிக்கென்று இலக்கணம் இருக்கிறது. இடையில் அறுபடக் கூடாது. சக்கர நாற்காலி திரும்புவதற்குச் சுமார் 1.5 மீட்டர் இடம் வேண்டும். வெறும் டேப் கட்டினால் போதாது. பார்வையற்றவரின் கோல் அதன் அடியில் நுழைந்துவிடும், அவர் குழிக்குள் விழுவார். தடுப்பின் கீழ்விளிம்பு தரையை ஒட்டித் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். அப்புறம், 'நடைபாதை அடைப்பு' என்ற பலகையைக் குழிக்கு முன்னால் வைத்துப் பயனில்லை. அவ்வளவு தூரம் வந்தவர் திரும்பிப் போகமாட்டார், சாலையில் இறங்கிவிடுவார். அதற்கு முந்தைய கடக்குமிடத்திலேயே பலகை இருக்க வேண்டும். இத்தனையையும் மனத்தில் வைத்து 'தொடர்வழி' என்று சொல்லிப் பார்க்கிறேன். இல்லையென்றால் நேராகத் 'தற்காலிக நடைவழி'.

தனித்தமிழ் அன்பர்:

தொடர்வழி நன்று. 'தற்காலிக' வேண்டாம், அது வடசொல். 'இடைக்கால நடைவழி' எனலாமே.

தமிழாசிரியர்:

காலமும் வடசொல் என்பாரே உண்டு. அந்த வழக்கை இப்போது தொடங்க வேண்டாம். தற்காலத்தைத் தன்+காலம் என்று பிரிப்பவர்கள் பொன்+குடம் பொற்குடம் ஆவதைக் காட்டுவார்கள். எனக்கு உடன்பாடில்லை. உற்சவம், சற்குணம், உற்பத்தி போலத் தகரம் றகரமாகி வந்ததுதான் தற்காலமும். ஆனால் அதனால் என்ன? வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வந்தால் அது சொல்தான் என்று தொல்காப்பியமே இடம் கொடுக்கிறது. 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' என்றும் சொல்கிறது, அதாவது காலப்போக்கில் வழக்கில் வந்துவிட்ட சொல்லை விலக்க வேண்டியதில்லை.

தனித்தமிழ் அன்பர்:

அந்த நூற்பா எல்லாக் கதவையும் திறந்துவிடச் சொல்லவில்லை, ஐயா. தமிழில் சொல் இருக்கும்போது கடன் எதற்கு?

சைக்கிள் ஓட்டும் உறுப்பினர்:

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். நடைவழி என்றாலே நாங்கள் விடுபட்டுவிடுகிறோம். சைக்கிள் தடத்தை அடைத்து 'இறங்கித் தள்ளிச் செல்லவும்' என்று பலகை வைத்தால் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். கோன் வரிசை சாய்வாக உள்ளே வரும் இடத்தில் நாங்கள் பேருந்தின் பக்கவாட்டுக்குத் தள்ளப்படுகிறோம். பள்ளத்தை மூடிய இரும்புத் தகடு மழையில் வழுக்கும். சக்கரம் போகும் திசையிலேயே நீளமாக ஓடும் வெட்டு, டயரைக் கவ்விக்கொள்ளும். நடப்பவர்களோடு ஒரே குறுகிய வழியில் எங்களைத் திணிப்பதும் தீர்வாகாது, அவர்களுக்கும் அது ஆபத்து. எந்தச் சொல் வைத்தாலும் சைக்கிளுக்குத் தனியாக ஒன்று வையுங்கள்.

பொறியாளர்:

முழுக்கச் சரி. வேகம் குறைவான தெருவில் வண்டிகளோடு ஒரே தடத்தில் சைக்கிளை விடலாம். வேகம் அதிகம் என்றால் தனி வழிதான்.

மொழிபெயர்ப்பாளர்:

எல்லோருக்கும் நன்றி. தொடர்வழி எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் கோன் வைக்கும் தோழர்கள் சிலரிடம் சொல்லிப் பார்த்தேன். 'அடுத்த ஊர் வரைக்கும் போகிற சாலையா?' என்று கேட்டார்கள். 'தற்காலிக நடைவழி' என்றதும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதனால் 'தற்காலிக நடைவழி', 'தற்காலிக சைக்கிள் வழி' என்று இரண்டாகவே அனுப்புகிறேன். 'மாற்றுப்பாதை' வேறு தெருவில் சுற்றுவதற்கு மட்டும். பொறியாளர் சொன்ன 'அறுபடாத' என்பதை வரையறையின் முதல் வரியில் சேர்த்துவிட்டேன்.

தனித்தமிழ் அன்பர்:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 'தற்காலிக சைக்கிள் வழி' என்ற தொடரில் 'வழி' மட்டும்தான் தமிழ். அடுத்த பதிப்பிலாவது 'இடைக்கால மிதிவண்டி வழி' ஆக வேண்டும்.

தமிழாசிரியர்:

நானும் ஒதுங்குவழியை விடவில்லை. அதர் பற்றிய மடல் நாளை வரும்.