குதிரைக்கு வயிறு வலித்த அந்த ராத்திரி: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

அடிவாரத்து ஜட்கா

அப்பா பழனி அடிவாரத்தில் முப்பது வருடம் குதிரை வண்டி ஓட்டினார். நான் ஒன்பதாவது படிக்கும்போது, ஒரு தைப்பூசத்தன்று சவாரி நிற்காமல் ஓடியது. குதிரைக்குத் தண்ணீர் காட்டக்கூட நேரமில்லை. சாயங்காலம் லாயத்தில் கட்டியதும் கொள்ளை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. முன்னங்காலால் தரையைப் பறித்தது, திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. பிறகு படுத்து உருள ஆரம்பித்தது. மத்தியானத்திலிருந்து லத்தி போடவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

நாலு பேர் கூடினால் ஐந்து வைத்தியம். கடைசியில் நல்லெண்ணெயில் பெருங்காயமும் பூண்டும் காய்ச்சி, தலையை அண்ணாந்து கட்டி, மூங்கில் குழாயால் வாயில் ஊற்றினோம். பாதியில் இருமியது. மூக்கு வழியாக எண்ணெய் வழிந்தது. "இறங்கிடுச்சு, இறங்கிடுச்சு" என்றார்கள். விடிகாலையில் லத்தியும் போட்டது, எழுந்தும் நின்றது. அப்பா கற்பூரம் ஏற்றினார்.

மூன்றாம் நாள் காய்ச்சல். மூச்சில் அழுகல் நாற்றம். ஆறாம் நாள் போய்விட்டது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். வயிற்றுவலி தானாகவே விட்டிருக்கும், நாங்கள்தான் அதைக் கொன்றோம் என்று அப்பா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது திரும்ப வராது. அதனால்தான் டாக்டர்கள் மூக்கு வழியாக நீளக் குழாயை இரைப்பை வரைக்கும் விடுகிறார்கள். மருந்து கொடுக்கவும் அதுதான், அடைபட்ட வாயுவை வெளியே விடவும் அதுதான். மூங்கில் குழாயும் பாட்டிலும் இருமுகிற குதிரைக்கு எமன். இப்போது நாங்கள் செய்வது கொஞ்சம்தான்: தீனியை எடுத்துவிடுகிறோம், உருண்டால் பத்து நிமிடம் மெதுவாக நடக்க விடுகிறோம், போன் போடுகிறோம். மற்றவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

கால்நடை டாக்டர், கிராமத்து மருந்தகம்

போன் போடுகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் "சார், குதிரை சரியில்லை" (நான் அம்மா, ஆனாலும் சார்தான்). அதை வைத்து நான் என்ன செய்ய? மூன்று விஷயம் பார்த்துச் சொன்னால் வண்டியை உடனே எடுப்பதா, இருக்கிற கேஸை முடித்துவிட்டு வருவதா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஒன்று நாடி. கீழ்த்தாடை எலும்பின் உள்பக்கம் விரல் வைத்தால் துடிப்பது தெரியும். ஓய்வாக நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. 60ஐத் தாண்டினால் அவசரம். அடுத்து ஈறு. வெளிர் ரோஜா நிறத்தில் ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். செங்கல் நிறமோ நீலமோ தெரிந்தால் உட்காராதீர்கள். அப்புறம் விலாவுக்குப் பின்னால் காது வைத்துக் கேளுங்கள். கடமுட சத்தம் கேட்டால் நல்லது. சத்தமே இல்லை என்றால்தான் எனக்குப் பயம்.

ஒரு குறை சொல்லிக்கொள்கிறேன். மருந்துக் கடையில் வலி ஊசி வாங்கித் தாங்களே போட்டுவிட்டு, அது தீர்ந்ததும் இன்னொன்றும் போட்டுவிட்டுப் பிறகு கூப்பிடுகிறார்கள். குடல் முறுக்கிக்கொண்டிருந்தாலும் குதிரை அமைதியாக நிற்கும். நான் வரும்போது காலம் கடந்திருக்கும்.

காரணம் பெரும்பாலும் நேற்றோ முந்தாநாளோ நடந்ததில் இருக்கும். திடீரென்று தீனி மாற்றியிருப்பார்கள், தண்ணீர் குறைந்திருக்கும். வெயில் காலத்தில் ஒரு குதிரை நாளைக்கு 30 லிட்டருக்கு மேல் குடிக்கும். புதுத் தீனி என்றால் ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும்.

படித்துறை

எங்கள் தாத்தா துணி மூட்டை சுமக்க இரண்டு கழுதை வைத்திருந்தார். இரண்டும் ஒன்றை விட்டு ஒன்று பிரியாது. பைபாஸில் லாரி மோதி ஒன்று செத்தது. மற்றது தலையைத் தொங்கப்போட்டு நின்றது. கழுதைதானே, இரண்டு நாளில் மறந்துவிடும் என்று விட்டுவிட்டோம். வாயில் புல் இருந்தது, அதனால் தின்கிறது என்றே நினைத்தோம். மென்று விழுங்கவே இல்லை, புல் அப்படியே வாயில் நின்றிருக்கிறது.

நாலாம் நாள் டாக்டர் ரத்தம் எடுத்தார். குழாயில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் காட்டினார். மேலே தெளிந்து நின்றது பால் கலந்த மாதிரி வெள்ளையாக இருந்தது. தின்னாமல் இருந்தால் கழுதையின் உடம்பு தன் கொழுப்பையே ரத்தத்தில் கரைத்துவிடும், ஈரல் தாங்காது என்றார். கொழுத்த கழுதைக்கும் சினைக் கழுதைக்கும் இது சீக்கிரம் வருமாம். எங்களுடையது கொழுத்தும் இருந்தது, சினையாகவும் இருந்தது. மறுநாள் முடிந்துவிட்டது.

"கழுதைக்கு நோயே வராது" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. வரும், காட்டிக்கொள்ளாது. குதிரை உருண்டு புரண்டு ஊரைக் கூட்டும். கழுதை சும்மா நிற்கும். சும்மா நின்று ஒரு வேளை தீனியை விட்டாலே இப்போது மாமா டாக்டரைக் கூப்பிட்டுவிடுகிறார். ஒன்று செத்தால் மற்றதைக் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று மோந்து பார்க்க விடவும் பழகிக்கொண்டோம். அப்படி விட்டால் தேடிக் கத்துவது குறைகிறது.

சுவரொட்டி தின்னும் கழுதையைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் யார்? அது காகிதத்துக்காக இல்லை, மைதாப் பசைக்காக. ஆனால் இப்போது ஒட்டுவதில் பாதி பிளாஸ்டிக். அது குடலில் போய் அடைத்துக்கொள்கிறது.

மன்னார்க்காரன்

எங்கட மன்னார் டவுனில் கழுதைகள் றோட்டிலதான் சீவியம். குப்பைப் பையோட சாப்பாட்டையும் விழுங்கும், இரவில வாகனம் அடிக்கும். நான் சொல்ல வந்தது மழையைப் பற்றி. மாரி தொடங்கினால் எல்லாம் கடைத் தாழ்வாரத்துக்குள்ள ஒதுங்கும், கடைக்காரர் தடியெடுத்துக் கலைப்பார்கள். குதிரை மயிரைப் போல கழுதை மயிர் தண்ணியைத் தள்ளாது, தோல் வரைக்கும் நனைஞ்சு போகும் என்று மிருக வைத்தியர் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கினது. குளம்பும் அப்படித்தான். கல்லுத் தரையில தேயும், மணலில தேயாது. சப்பாத்து நுனி போல வளைஞ்சு நடக்கேலாமல் நிற்கும். வளர்க்கிற ஆக்கள் ஆறு தொடக்கம் பத்துக் கிழமைக்குள்ள ஒருக்கா வெட்டிவிட வேணும்.

ரேக்ளா பொள்ளாச்சி

எங்கள் மட்டக்குதிரைக்கு லாடம் அடிக்கும்போது ஆணி சதையில் ஏறிவிட்டது. பிடுங்கி மஞ்சள் வைத்துக் கட்டினோம். இரண்டு நாளில் நொண்டல் போனது, நாங்களும் மறந்துவிட்டோம். இரண்டு வாரம் கழித்து வால் விறைத்துத் தூக்கி நின்றது. காது இரண்டும் நட்டுக்கொண்டது. கதவு சாத்தும் சத்தத்துக்கே உடம்பு தூக்கிப் போட்டது. கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு வெள்ளைச் சவ்வு பாதிக் கண்ணை மறைத்தது. வாய் திறக்கவில்லை. ரணஜன்னி, அதாவது டெட்டனஸ்.

பெரும்பாலும் பிழைக்காது என்று சொல்லிவிட்டுத்தான் டாக்டர் ஆரம்பித்தார். கொட்டகையைச் சாக்கு கட்டி இருட்டாக்கினோம். காதில் பஞ்சு. தெருப் பையன்களுக்கு மிட்டாய் கொடுத்துப் பட்டாசு வெடிக்க விடாமல் பார்த்தோம். ஊசிகளும் குழாய்க் கஞ்சியுமாக ஐந்து வாரம் போனது. பிழைத்தது, ஆனால் ரேஸுக்கு இல்லை. முதலில் ஒரு மாத இடைவெளியில் இரண்டு தடுப்பூசி, பிறகு வருடம் ஒன்று. அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. இந்தக் கிருமி மண்ணிலும் லத்தியிலுமே இருக்கிறது, லாயத்தை எவ்வளவு கூட்டினாலும் போகாது.

கோயில் குதிரை

எல்லாரும் நடந்ததைச் சொல்கிறீர்கள். எனக்கு இப்போது நடக்கிறது. எங்கள் ஊர்க் கோயில் குதிரையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நேற்றுத் திருவிழா. பக்தர்கள் சர்க்கரைப் பொங்கலும் வாழைப்பழமும் ஊட்டிக்கொண்டே இருந்தார்கள், பாத்திரத்தில் மிஞ்சியதையும் யாரோ முன்னால் வைத்துவிட்டார்கள். இன்று காலை முன்னங்கால் இரண்டையும் முன்னே நீட்டி, பின்னால் சாய்ந்து நிற்கிறது. அடி எடுத்து வைக்க மறுக்கிறது. வயிறுதான் என்று நினைத்து நடக்க விடட்டுமா?

கால்நடை டாக்டர், கிராமத்து மருந்தகம்

வேண்டாம், நடக்க விடாதீர்கள். குளம்பைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கிறதா? குளம்புக்கு மேலே, கணுவின் பின்பக்கம் நாடி பலமாக அடிக்கிறதா?

கோயில் குதிரை

இரண்டும் ஆமாம் அம்மா.

கால்நடை டாக்டர், கிராமத்து மருந்தகம்

அப்படியென்றால் குளம்புக்குள் வீக்கம். மாவுத் தீனி அளவுக்கு மீறிப் போனால் வரும். குளம்புக்குள் எலும்பைப் பிடித்திருக்கும் சதை விட்டுப்போனால் எலும்பு கீழே இறங்கிவிடும், அப்புறம் வாழ்நாள் நொண்டல். நடந்தால் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். பொங்கல், கொள்ளு, தவிடு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். காய்ந்த புல்லும் தண்ணீரும் மட்டும். நிற்கிற இடத்திலேயே மணலைத் தடிமனாகக் கொட்டுங்கள். ஐஸ் கடையில் சொல்லிப் பனிக்கட்டி வாங்கி இரண்டு முன் குளம்பையும் தண்ணீரில் வைத்துக் குளிர்வித்துக்கொண்டே இருங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கு இப்போதே போன் போடுங்கள். சாயங்காலம் வரை பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அடிவாரத்து ஜட்கா

தம்பி, ஐஸை சாக்கில் கட்டி வையுங்கள், சீக்கிரம் கரையாது. யாராவது எண்ணெய் கொண்டுவந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

கோயில் குதிரை

வண்டி கிளம்பிவிட்டதாம், முக்கால் மணி நேரம் ஆகும் என்கிறார்கள். மணல் கொட்டியாச்சு. இரண்டு அன்னக்கூடையில் ஐஸ் தண்ணீர் வைத்திருக்கிறோம், காலை எடுக்காமல் நிற்கிறது. எண்ணெயோடு ஒரு பெரியவர் வந்தார், உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.