மறுமொழி: குழாய்த் தீர்வையா, குழாய்க்கூலியா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

தொழிற்சாலைகளில் காற்றில் விடாமல் பிடித்த காபனீரொட்சைட்டைக் குழாய் வழியே கொண்டுபோக அறவிடும் பணத்துக்கு 'குழாய்த் தீர்வை' என்று போன கிழமை அக்கரைப்பற்றுச் சேர் எழுதியிருந்தார். எனக்கு அது ஒத்துவரவில்லை. தீர்வை என்றால் நமக்குச் சுங்கம்தான் நினைவுக்கு வரும். அது அரசு எடுப்பது. இது குழாய்க்காரருக்குப் போகும் பணம். அவர் அளவுக்கு மீறி வாங்காமல் பார்ப்பதுதான் ஒழுங்குமுறையாளரின் வேலை.

கூலி என்றே வைக்கலாம். ஆலைக்காரர் குத்துகூலி வாங்கும்போது நம் நெல்லை விலைக்கு வாங்குவதில்லை, செய்த வேலைக்குத்தான் காசு எடுக்கிறார். குழாயும் அப்படித்தான். கூலி என்பது மதிப்புக் குறைந்த சொல் என்று கல்முனை அக்கா தயங்குகிறார். உழவுகூலி, ஏற்றுகூலி, படகுக்கூலி என்று தினமும் சொல்கிறோமே, அதில் யாருக்கு என்ன குறைந்துபோயிற்று?

ஆனால் ஒரு சொல் போதாது. பிரித்தானியாவில் 2023ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டப்படி இந்தக் குழாய்களை அங்குள்ள எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஒஃப்ஜெம் ஒழுங்குபடுத்துகிறது. அங்கே குழாயில் தனக்கென்று ஒதுக்கிவைத்த இடத்துக்கு ஒரு கணக்கு, உண்மையில் அனுப்பிய தொன்னுக்கு வேறொரு கணக்கு. பாடசாலை வானை நினையுங்கள்: பிள்ளை லீவு எடுத்தாலும் மாதக் காசு கொடுக்கத்தான் வேண்டும், இருக்கை பிள்ளையுடையது. எனவே முதலாவது இடக்கூலி, இரண்டாவது ஓட்டக்கூலி.

சிக்கலும் பாடசாலை வானில் உள்ளதுதான். பத்துத் தொழிற்சாலைக்கென்று பெரிய குழாய் போட்டு முதலில் இரண்டே வந்தால், முழுச் செலவையும் அந்த இரண்டின் தலையில் கட்ட முடியாது. கட்டினால் மூன்றாவது எட்டியும் பார்க்காது. அந்தக் குறையை நிரப்ப அங்கே அரசு ஒரு வருவாய் ஆதரவு உடன்படிக்கை வைத்திருக்கிறது.

'வாயுக்குழாய்' என்று எழுதுவதையும் விடுவோம். வாயு, திரவம் என்ற வேறுபாடு மறையும் எல்லையை அவதி நிலை என்போம்; காபனீரொட்சைட்டின் அவதி வெப்பநிலை ஏறக்குறைய 31 பாகை செல்சியஸ், அவதி அமுக்கம் ஏறக்குறைய 74 பார். நீண்ட தூரக் குழாய்களில் பெரும்பாலும் அந்த அமுக்கத்துக்கு மேல் திரவம்போல் அடர்ந்த பாயியாகத்தான் தள்ளுகிறார்கள். அமெரிக்காவில் இந்தப் பெயர்ச் சண்டை சட்டத்துக்கே போனது. கொலராடோவிலிருந்து டெக்சாஸ் எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகும் கோர்ட்டெஸ் குழாய் பற்றி 1979இல் ஓர் ஆணைக்குழு, இது 'இயற்கை வாயு' அல்ல, எனக்குரியதல்ல என்றது. 1981இல் மற்றொன்று, இது 'வாயு', ஆகவே எனக்கும் உரியதல்ல என்றது. 'இயற்கை வாயு' அல்ல என்று ஒருவரும் 'வாயு'தான் என்று மற்றவரும் கைவிட, கூலியைக் கேட்க மத்திய அரசில் ஆளில்லாமல் போயிற்று!

மட்டக்களப்பிலிருந்து

> அக்கரைப்பற்றிலிருந்து: தீர்வையை விட்டுவிடுகிறேன். இடக்கூலியும் சரி. ஆனால் 'ஓட்டக்கூலி' என்றால் ஆட்டோ ஓட்டியவரின் கூலி என்றுதான் என் மாணவர் வாசிப்பார்கள். பாடநூலில் பாய்ச்சல் இருக்கிறதே, 'பாய்ச்சற்கூலி' ஆகாதா?

ஆகும் சேர். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவருக்கு அது இன்னும் சுலபமாக விளங்கும். அப்புறம், தொழிற்சாலைகள் வராத குறைக்கு அரசு நிரப்பும் அந்தக் காலி இருக்கைக் காசுக்கும் ஒரு பெயர் வேண்டும். 'மானியம்' என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள், உரமானியத்தோடு கலந்துவிடும்.